ததேயுஸின் செத்த கை

இசபெல் எங்கள் துப்பறியும் ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது அவள் முகத்தில் அழுத தடமும் இல்லை, அழப்போகிற லட்சணமும் இல்லை. கல்யாண மாப்பிள்ளை காணாமல் போய்விட்டான் என்பதை, இன்றைக்குச் சாளை மீன் வரத்துக் குறைவு என்கிற குரலில் சொன்னாள்.

"ரெண்டு ஞாயிறு ஓலை வாசிச்சாச்சு சார். ரெண்டாம் ஓலை வாசிக்கும்போ எந்திச்சு வெளிய போனாவ. பெறவு ஆளைக் காணல்ல. வாற ஞாயிறு மூணாம் ஓலை. அதுக்குள்ள வரல்லேன்னா அப்பா சாமியார்ட்டச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திருவாரு."

நான் கோலப்பன். பூதப்பாண்டிக்காரன், பிள்ளைமார் வீடு. எனக்குத் தெரிந்த ஓலை பனை ஓலை மட்டும்தான். என் முகத்தைப் பார்த்தே சுந்தர்சிங் அண்ணாச்சி விளக்கினார். "வேதக்கார வழக்கம்டே. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு மூணு ஞாயிறு கோயில்ல வாசிப்பாங்க."

"கொள்ளாமே! எங்க ஊருல தடை சொல்லியதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம். பந்தியில உக்காந்துக்கிட்டே சொல்லுவான்" என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி சிரித்து மூன்று மாசம் ஆகிறது. அவர் சம்சாரத்தை, எங்கள் அக்காளை, அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாள் முதல் அவர் குளிக்கிறார், சாப்பிடுகிறார், கேஸ் வந்தால் பார்க்கிறார். குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எக்சைஸில் இன்ஸ்பெக்டராக இருந்தபோது கள்ளச் சாராயத்தை மூக்கால் பிடித்த மனுஷன். பழக்க தோஷத்தில் நான் தமாஷ் பேசிக்கொண்டு இருந்தேன். பேசாவிட்டால் அந்த அறையில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

"மாப்பிள்ளை பேரென்ன?"

"ததேயுஸ். குளச்சல்ல தூண்டில் முள்ளும் நூலும் விக்கிய கடையில சோலி."

"ஊரு என்ன சொல்லுது?"

"சீட்டாடித் தோத்து ஓடிட்டான்னு சொல்லுது."

"நீ என்னம்மா சொல்லுகே?"

"நான் ஒண்ணும் சொல்லல்ல சார்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவிய எங்க இருக்காவன்னு நீங்க கண்டுபிடிக்காண்டாம். என்னத்துக்குப் போனாவன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"அம்மாளே, மீனை விட்டுட்டு மணத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுகியளே!" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாவது பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அண்ணாச்சி கேட்டார்: "அன்னைக்குக் கோயில்ல அவன் எந்த வரியில எந்திச்சான்?"

"தடை தெரிஞ்சவங்க மறைக்கக் கூடாதுன்னு சாமியார் வாசிச்சாரு. அப்போ எந்திச்சாவ."

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். "சீட்டு எங்க ஆடுவான்?"

"ஆட மாட்டாவ. சீட்டுல வித்தை செய்வாவ. கருங்கல்ல மத்தியாஸ்னு ஒரு தையல்காரரு, அவரு கடையிலயாக்கும் கூடுவாவ. நானும் கருங்கல் சந்தைக்கு மீன் கொண்டு போறவதான். வாசல் வழியா ரெண்டு தடவை பாத்திருக்கேன்."

*

மத்தியாஸ் கடையில் ஒரு தையல் மிஷின், ஒரு பெஞ்சு, தொங்கப்போட்ட கால்சட்டைகள். அன்று வியாழக்கிழமை. பெஞ்சில் பஸ் கண்டக்டர் குமாரதாஸ் டூட்டி முடிந்து உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கையில் ஒரு சீட்டுக்கட்டு. நாங்கள் உள்ளே நுழையும்போது அந்தக் கட்டு அவன் உள்ளங்கையில் மயில் தோகை மாதிரி விரிந்தது, மூடியது, மறுபடி விரிந்தது. அவன் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், சீட்டைப் பார்க்கவே இல்லை.

"இதுக்குப் பேரு மயிலு" என்றார் மத்தியாஸ். "ஒரு மாஜிக்காரனுக்குக் கோட்டு தைச்சேன் சாரே. அளவெடுக்கும்போகூட அவன் கை சும்மா இருக்காது. பாத்துப் பாத்து நான் படிச்சேன். நான் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இவன் அருவின்னு ஒரு வித்தையைக் கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தான். இங்க ரெண்டு சட்டமாக்கும். தெரிஞ்சதை ஒளிக்கப்பிடாது. சீட்டு ஆடப்பிடாது."

"ஆடாம சீட்டு எதுக்கு ஓய்? சமைக்காம அரிசியைப் புடைச்சுக்கிட்டே இருக்கிய மாதிரி?" என்றேன்.

"ஒருக்கா செஞ்சு பாரும். பெறவு பேசும்" என்று கட்டை என் கையில் வைத்தான் குமாரதாஸ். ஒற்றை இடது கையால் கட்டைப் பாதியாக வெட்டி மாற்றுகிற வித்தை. அவர்கள் அதைக் 'கதவு' என்றார்கள். சீட்டுக்கட்டை விரல் நுனிகளில் நிறுத்தி, பாதியை உள்ளங்கைக்கு நழுவவிட்டு, ஆள்காட்டி விரலால் அதை நிமிர்த்தினால் கதவு திறந்து மூடும். சுண்டுவிரல் அடியில் காவல் நிற்க வேண்டும். மத்தியாஸ் என் பெருவிரலைப் பிடித்து வைத்தார், குமாரதாஸ் என் முழங்கையைத் தட்டித் தாழ்த்தினான். கதவு திறந்தது. திறந்த கதவு வழியாக அம்பத்திரண்டும் மத்தியாஸின் தையல் மிஷினுக்கு அடியில் போய் விழுந்தன.

"சவத்த விடும். முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்" என்று மத்தியாஸே குனிந்து பொறுக்கினார். நல்ல மனுஷன்.

அண்ணாச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "ததேயுஸ் எப்படி?" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கெட்டிக்காரன்தான். ஆனா ஒரு குறை உண்டு" என்றார் மத்தியாஸ். "கதவுல மட்டும் கட்டு அவனுக்கு நழுவும். எப்பவும் ஒரே பக்கம், சுண்டுவிரல் பக்கம். எங்ககிட்டக் கேட்டான். நான் பவுடர் போட்டுப் பாக்கச் சொன்னேன். இவன் புதுச் சீட்டு வாங்கிக் கொடுத்தான். பிடியை மாத்திக் கொடுத்தோம். ஒருவழியாப் படிச்சான், ஆனா கையைப் பாத்துக்கிட்டேதான் செய்வான். வித்தைக்காரன் கையைப் பாக்கப்பிடாது சாரே! கையைப் பாத்தா சனமும் கையைப் பாக்கும். நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்க மாட்டான்."

"மத்தபடி அவன் கை எப்படி?"

குமாரதாஸ் சொன்னான்: "இரும்புக் கையாக்கும் சார். கொதிக்கக் கொதிக்கச் சாயா வாங்கி இடது கையில கிளாசை அப்படியே பொத்திப் பிடிப்பான். நாங்க துண்டு வச்சுப் பிடிப்போம். என்ன கை மக்கா உனக்குன்னு கேட்டாச் சிரிப்பான்."

"கடைசியா எப்போ வந்தான்?"

மத்தியாஸ் மிஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சொல்ல விருப்பம் இல்லாதது தெரிந்தது. "ரெண்டாம் ஓலைக்கு முந்தின நாளு, சனிக்கிழமை சாயங்காலம். மூணு பேரும் கதவு செஞ்சுக்கிட்டு இருந்தோம். பெட்ரோமாக்ஸ்ல மாண்டில் உதிர்ந்து விளக்கு அணைஞ்சுபோச்சு. இருட்டுல நானும் இவனும் நிறுத்தாம செஞ்சுக்கிட்டு இருந்தோம், ஒரு போட்டி மாதிரி. ததேயுஸுக்கக் கட்டு மட்டும் சடசடன்னு கீழ விழுந்துது. பொறுக்கிப் பொறுக்கிப் பாத்தான், திரும்பத் திரும்ப விழுந்துது. நான் விளக்கு ஏத்தும்போ அவன் தரையில குத்த வச்சு இருந்தான். என் கை செத்துப்போச்சு அண்ணேன்னான்."

"நீரு என்ன சொன்னீரு?"

"என்ன சொல்ல? எனக்கு வேற ஒண்ணு தோணிச்சு. நானும் ஒரு காலத்துல சீட்டுல இருபத்தெட்டுன்னு உள்ள ஆட்டம் ஆடினவனாக்கும். துருப்பு இல்லாத சீட்டு வந்தா மேசையில அப்படித்தான் சொல்லுவோம், கை செத்துப்போச்சுன்னு. அது ஆட்டக்காரனுக்கப் பேச்சு. எங்கேயோ களவா ஆடித் தோத்துட்டு வந்திருக்கான், எங்களுக்க சட்டத்தை மீறிட்டான்னு நினைச்சேன். போலே, உனக்கு இனி இங்க சோலி இல்லேன்னேன்."

"அதை யார்கிட்டச் சொன்னீரு?"

"ஒரே ஒரு ஆள்கிட்டத்தான் சாரே."

"ஒரு ஆள் போதுமே!" என்றேன் நான். "கருங்கல்ல ஒரு ஆள்கிட்டச் சொன்னா, சொன்னவன் வீடு சேருமுன்னே குளச்சல்ல கேட்டிருவானுவ."

மத்தியாஸ் அலமாரியைத் திறந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார். "இது அவனுக்கக் கட்டு. அன்னைக்கு விட்டுட்டுப் போயிட்டான்."

அண்ணாச்சி கட்டை வாசல் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். மற்ற மூலையெல்லாம் சுத்தம். ஒரு மூலையில் மட்டும் தவிட்டு நிறத்தில் கறை, சீட்டு சீட்டாக ஏறியிருந்தது.

"வெத்திலைக் கறை. அதுக்கும் ஒருநாள் ஏசினேன்" என்றார் மத்தியாஸ்.

"அவன் வெத்திலை போடுவானா?"

மத்தியாஸ் குனிந்து கறையை மறுபடி பார்த்தார். "இல்ல."

"கோலப்பா, தூண்டில் முள்ளு குத்தினா என்னடே வரும்?"

"ரத்தமும் கெட்ட வார்த்தையும் வரும் அண்ணாச்சி."

"இவனுக்கு ரத்தம் மட்டும் வந்திருக்கு. கெட்ட வார்த்தை வரல்ல." கட்டைக் கீழே வைத்தார். "மத்தியாஸ், நல்ல முறுக்கு நூல் கொஞ்சம் தாரும். குமாரதாஸ், இடது கையை நீட்டு."

குமாரதாஸின் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் அண்ணாச்சி நூலைச் சுற்றி இறுக்கினார். கால் மணி நேரம் காத்திருந்தோம், விரல் நீலம் பாய்ந்தது. "சார், மரத்துப்போச்சு" என்று அவன் கத்தினான். "மரக்கட்டும். இப்போ கதவு செய்."

குமாரதாஸ் செய்தான். கட்டு வெட்டுப்பட்டு மாறியது. இன்னொரு தடவை செய்தான். அதுவும் சரியாக வந்தது.

"என்ன அண்ணாச்சி, நூலு வேஸ்ட்டா?" என்றேன்.

அண்ணாச்சி மத்தியாஸைப் பார்த்தார். மத்தியாஸ் குமாரதாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலே," என்றார், "நீயும் கையைப் பாக்கியேலே!"

ஆமாம். எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மயில் விரித்தவன், இப்போது குனிந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாக்காம எப்படிண்ணே? சுண்டுவிரல் எங்க நிக்குதுன்னே தெரியல்லியே" என்றான்.

"இனி என்னைப் பாத்துக்கிட்டுச் செய்" என்றார் அண்ணாச்சி.

நிமிர்ந்தான். கட்டு சடசடவென்று சரிந்தது. சுண்டுவிரல் பக்கம்தான்.

 அண்ணாச்சி நூலைக் கத்தரித்துவிட்டார். குமாரதாஸ் விரலை உதறினான், ஊதினான், ரத்தம் திரும்பி ஓடும்போது வலி பொறுக்காமல் "அம்மோ" என்றான். ததேயுஸின் கையில் நூல் எதுவும் சுற்றியிருக்கவில்லை. வெட்டிவிட ஒன்றும் இல்லை.

"அவன் மேசைப் பேச்சுப் பேசல்ல மத்தியாஸ்" என்றார் அண்ணாச்சி. "உள்ளதை உள்ளபடி சொன்னான். நீரு ஆட்டக்காரக் காதால கேட்டீரு."

மத்தியாஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சூடு தெரியாது, குத்தினாத் தெரியாது... கர்த்தாவே, அதுவா?" அந்த வியாதியின் பெயரை அவர் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்போதுதான் வாசலில் ஆள் நிற்பதைக் கவனித்தேன். சந்தை கலைந்துவிட்டது. வெறும் மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இசபெல் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"பெருவியாதியா சார், குஷ்டமா?" என்றாள். அதே குரல்தான்.

"அப்படித்தான் தோணுது."

"சூது இல்ல?"

"இல்ல."

"வேற பொண்ணு?"

"இல்லம்மா."

கூடையைக் கீழே வைத்தாள். "அந்த வியாதிக்கு உள்ள ஆஸ்பத்திரிக்கு பஸ் உண்டா?"

"கண்டுபிடிக்காண்டாம்னு சொன்னியேம்மா" என்று நான் தடுமாறினேன். "அதுவுமில்லாம ரெண்டு ஆம்பிளைக கூடத் தனியா..."

"தலையில மீனோட நாலு ஊரு தனியா சுத்துகேன். எனக்குத் துணை நீங்க வேண்டாம். உங்களுக்கு வேணும்னா நான் வாறேன்."

நான் குனிந்து அவள் கூடையை எடுத்துக்கொண்டேன்.

*

அந்தப் பக்கத்தில் அந்த வியாதிக்கு மருந்து கொடுக்கிற ஆஸ்பத்திரி ஒன்றுதான். ஊர்ப் பெயர் வேண்டாம். மதில் நெடுக வேலி, உள்ளே பூவரச மரங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு இசபெல் ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாள். அந்த அம்மாள் எழுந்து போய் நின்றுகொண்டே வந்தாள்.

டாக்டரம்மா எங்களை வராந்தாவில் பார்த்தாள். ஆமாம், போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நேராக வந்தானாம். "ஆரம்பத்துலேயே வந்துட்டாரு. வலிச்சா எல்லாரும் ஓடி வருவாங்க. இது வலிக்காதே, அதனாலதான் கை மடங்கின பெறகு வருவாங்க. இப்போ மாத்திரை வந்தாச்சு. விடாம சாப்பிட்டா மத்தவங்களுக்குப் பரவாது. வீட்டுல இருந்தே சாப்பிடலாம். சொன்னேன். வீடு இல்லேன்னு சொல்லுதாரு."

ததேயுஸ் பூவரச மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். இசபெல்லைப் பார்த்ததும் பின்னால் நடந்தான், மரம் முதுகில் இடிக்கிற வரை.

"கிட்ட வராதே இசபெல்."

அவள் போனாள்.

"கோயில்ல தடை கேட்டாவ. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. மறைச்சுக் கட்டவும் மனசு வரல்ல. அதான்..."

"அது இருக்கட்டும்" என்றாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். நிச்சயத்தன்னைக்கு நான் உங்க இடது பக்கம் நின்னேன். ஓர்மை உண்டா?"

"உண்டு."

"எல்லாரும் செபம் சொன்னாவ. நான் சேலைத் தலைப்புக்கு அடியில உங்க சுண்டுவிரலைப் பிடிச்சேன்."

ததேயுஸ் விழித்தான். "எப்போ?"

"பிடிச்சேன். நீங்க திரும்பல்ல. கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். நீங்க பாட்டுக்குச் செபத்தைச் சொல்லிக்கிட்டு நின்னிய. இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கல்ல, அப்பனுக்காகத் தலையாட்டிட்டு நிக்கியாருன்னு அன்னைக்கு முடிவு பண்ணினேன். நீங்க காணாம போனப்போ எனக்கு அழுகைகூட வரல்ல. வருமா?"

 என்னத்துக்குப் போனான் என்று மட்டும் கேட்டாளே, அதற்கு அர்த்தம் இதுதான். அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பி நின்றார்.

"நீ பிடிச்சது எனக்குத் தெரியாது இசபெல்" என்றான் ததேயுஸ். "சத்தியமாத் தெரியாது."

"கையைக் கொண்டாங்க."

அவன் கொடுக்கவில்லை. அவளே எடுத்தாள். சுண்டுவிரலைக் கிள்ளினாள். "தெரியுதா?" அவன் இல்லை என்று தலையாட்டினான். மோதிரவிரலைக் கிள்ளினாள். இல்லை. உள்ளங்கையின் ஓரத்தைக் கிள்ளினாள். அதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் விடவில்லை. மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பலம்கொண்ட மட்டும் கிள்ளினாள்.

"ஏட்டி! வலிக்குது!"

"வலிக்குதா?"

"தோலைப் பிச்சிட்டியே, வலிக்காம?"

இசபெல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வராந்தாவில் நின்ற டாக்டரம்மா இறங்கி வரப் பார்த்தாள். அண்ணாச்சி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அழுது தீர்த்துவிட்டு மூக்கைத் துடைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரணும். சாமியார் தடை கேக்கும்போ நீங்க எந்திச்சு நின்னு உள்ளதைச் சொல்லணும். ஓடப்பிடாது. எனக்குச் சம்மதம்னு நான் எந்திச்சுச் சொல்லுவேன். பெறவு அப்பா என்ன வேணும்னாலும் சொல்லட்டு."

ததேயுஸ் அவளைப் பார்த்தான். தன் கையைப் பார்க்கவில்லை.

"வாறேன்" என்றான். பிறகு, சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டி நீட்டினான். "இன்னும் ஒருக்கா கிள்ளு."